ஏழாம் குழி

பரேல். மூன்றாம் மாடி. இரவு பத்தே கால்.
ஏசி சொட்டும் வாளியைக் காலால் தள்ளிவிட்டு
பீங்கான் கல்வத்தில் போடுகிறேன்
ஓம உப்பு ஒரு பங்கு, புதினா உப்பு ஒரு பங்கு.
இரண்டும் கட்டி. இரண்டும் வெள்ளை.
சொட்டு நீர் சேர்க்கவில்லை, தீ மூட்டவில்லை.
நாலு சுற்று அரைத்ததும்
ஒன்றையொன்று தொட்ட இடத்தில் வியர்க்கின்றன,
பிறகு வெட்கமில்லாமல்
எண்ணெயாய் ஓடுகின்றன.

எனக்கு இது அலுப்பதே இல்லை.
"மாதுங்கா நாட்டுமருந்துக் கடையில்
நாற்பது ரூபாய்க்குத் தருவான்,
இதற்கா உனக்கு உதவித்தொகை?" என்பாள் ஜுலேகா.
ஆமாம். இதற்குத்தான்.

கிருமி வந்தது பதினான்காம் கட்டிலிலிருந்து.
கஜானன் தாண்டேல். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்,
கிரேனிலிருந்து விழுந்தவர்.
இடுப்புக்குக் கீழே தகவல் போவதில்லை.
அவருடைய சிறுநீர்க் குழாயில் அரைவிரல் நறுக்கி
ஐஸ் பெட்டியில் அனுப்பியிருந்தார்கள்.
கையுறைக்கு மேலாகவே தெரிந்தது
உட்சுவரின் வழுவழுப்பு:
மொட்டைமாடித் தொட்டியின் அடி,
பூச்சாடியில் நாலு நாள் தண்ணீர்,
பல் துலக்காத ஞாயிற்றுக்கிழமை.

தனியே மிதந்தால் ஒரு மாத்திரைக்குச் சாகும்.
ஓரிடத்தில் ஒட்டிவிட்டால்
தன் எச்சிலைத் தானே குழைத்து
கூரை, தளம், சாக்கடை எல்லாம் கட்டிக்கொண்டு
உள்ளே போய்விடும்.
மூன்று மருந்துகள் அதன்மேல்
மழையாய்ப் பெய்து ஓடிவிட்டன.

தாராவி மாதிரி, என்று குறிப்பேட்டில் எழுதினேன்.
உடனே அடித்தேன்.
கும்பார்வாடாவுக்குப் பின்சந்தில் பிறந்தவள் நான்.
எங்கள் சுவர்களை அழுக்கென்று சொன்னவர்களை
முகம் முகமாகத் தெரியும்.
கிருமிக்குக் கிருமி என்ற பெயரே போதும்.

தொண்ணூற்றாறு குழித் தட்டு.
படலம் இருந்தால் ஊதாச் சாயம் ஒட்டும்,
இல்லையென்றால் வழிந்துவிடும்.
மறுநாள் விடிகாலை நாலரைக்குக் கழுவிப் பார்த்தேன்.
வரிசையாய்க் கத்தரிப்பூ நிறம்.
ஏழாவதில் மட்டும்
ஒன்றுமில்லை.

ஜுலேகாவை எழுப்ப வேண்டியிருக்கவில்லை,
நோன்பு மாதம், சஹர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.
வாயில் பேரீச்சையோடு கத்தினாள்.
நானும் கத்தினேன். காவலாளி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

வெளிச்சம் வந்தபின் தட்டைச் சாய்த்தேன்.
ஏழாம் குழியின் தரை
மெழுகாய்க் குழைந்து தொங்கிற்று.
என் திரவம் பிளாஸ்டிக்கையே தின்றிருந்தது.
படலம் போனது உண்மைதான்,
நின்ற நிலத்தோடு போயிருக்கிறது.

டாக்டர் பெட்னேகர் சிரிக்கவில்லை.
காரியைத் தேநீரில் நனைத்து,
அது உடையும் முன் வாயில் போட்டுக்கொண்டு,
"கண்ணாடியில் செய். வேறு ஜோடி பிடி" என்றார்.

பிடித்தேன்.
எலுமிச்சையின் புளிப்பு, பீட்ரூட்டின் சாரம்.
தேன்போல் கனத்தது, ஊற்றினால் யோசித்து இறங்கியது.
பதினொரு நாள்.
நுண்ணோக்கியில் படலத்தின் ஓரம்
பழைய சுவரொட்டியாய்ச் சுருண்டு எழும்பியிருந்தது.
செத்தவை சிவப்பு, இருப்பவை பச்சை.
எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.
பாதி.

வார்டுக்கு நான் போக வேண்டிய வேலையில்லை. போனேன்.
"என் குழாயில் என்ன கண்டுபிடித்தாய்?"
பாதி, என்றேன்.
"எதில் பாதி?"
சொல்லத் தெரியவில்லை.
நாளை குழாய் மாற்றுகிறார்களாம், இது ஐந்தாவது.
பழையதையும் அனுப்பிவைக்கச் சொல்லவா என்று
அவரேதான் கேட்டார்.

மெதுவண்டி. பெண்கள் பெட்டி. கம்பியைப் பிடித்த என் கை
ஒரு அம்மாளின் மூக்கருகே.
மோந்து பார்த்து நிமிர்ந்தார்.
"ஓமமா? வயிறு சரியில்லையா பெண்ணே?"

ஆமாம் என்றேன்.
சயான் வந்தது.